உள்ளே யாருமில்லை

வெள்ளம் வந்து ஒன்பது நாள் கழித்துத்தான் ஆற்றோரத் தெருவுக்குள் ஆட்களை நடக்கவிட்டார்கள். தச்சர் தன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு தெருமுனையில் வந்து நின்றபோது மணி எட்டுகூட ஆகியிருக்காது. வெயில் இல்லை. சேறு முழங்கால் வரை கிடந்தது. செத்த மீன், டீசல், ஊறிப்போன பஞ்சு மெத்தை எல்லாம் சேர்ந்த ஒரு நாற்றம் மூக்கில் ஏறி அங்கேயே குடியேறிவிட்டது. கூட வந்த மைத்துனன் துண்டால் வாயைக் கட்டிக்கொண்டான். நாற்பது வயது, இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன், வாய் மட்டும் இன்னும் அடங்கவில்லை.

"மாமா, இந்த முதல் வீட்லேர்ந்தே ஆரம்பிக்கலாமே. கைக்குப் பக்கத்துல இருக்கு."

"அந்தக் கோடிலேர்ந்து வரலாம்."

"சேத்துல அவ்வளவு தூரம் நடந்து, திரும்ப இங்கயே வரணுமா?"

"வரலாம்னு சொன்னேன்ல."

தச்சர் அந்த முதல் வீட்டைத் திரும்பிப் பார்க்காமலே நடந்தார்.

தெருவில் அவரை 'இன்னொருதரம்' என்றுதான் சொல்வார்கள். அளந்த பலகையை இன்னொரு தரம் அளப்பார். பூட்டிய பூட்டை இன்னொரு தரம் இழுத்துப் பார்ப்பார். பெண் பார்க்கப் போன இடத்தில் "இன்னொரு தரம் வரச் சொல்லுங்க" என்று கேட்டார் என மைத்துனன் இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பான். அப்படிப்பட்ட மனிதர் என்பதால்தான் வெள்ளப் பலகை மாட்டும் பொறுப்பைத் தெருக்காரர்கள் அவரிடம் கொடுத்திருந்தார்கள்.

முப்பத்தோரு வீடு, முப்பத்தோரு பலகை. ஒவ்வொரு வாசல் நிலையிலும் வெளிப்பக்கமாகக் காடி வெட்டியிருக்கும். வாசலை மேலிருந்து கீழ்வரை அடைக்கிற பலகையை அதில் இறக்கி, ஓரத்தில் ரப்பர் பட்டையைத் திணித்து, நான்கு மூலையிலும் விரல் நீளத் திருகாணியை முடுக்க வேண்டும். வெளியிலிருந்துதான் முடுக்கலாம், வெளியிலிருந்துதான் கழற்றலாம். சில வருஷங்களுக்கு முன் ஒரு சின்ன வெள்ளத்தில், பகல் தூக்கம் போட்டுக்கொண்டிருந்த முடிதிருத்துகிறவரை உள்ளே வைத்தே பலகையை முடுக்கிவிட்டார்கள். ஒரு பகல் முழுக்கக் கத்தித் தொண்டை கட்டிப்போய் வெளியே வந்தவரைப் பார்த்துத் தெருவே விழுந்து விழுந்து சிரித்தது. சிரித்து முடித்த பிறகு பயந்தது. அன்றைக்கு ஒரு நடைமுறை வைத்தார்கள்.

மழையிலும் சைரனிலும் குரல் எடுபடாது, மரத்தில் தட்டினால் கேட்கும். ஆகவே பலகையை இறக்கியதும் தச்சர் கொட்டாப்புளியால் மூன்று தட்டு தட்டுவார். உள்ளே ஆள் இருந்தால் திருப்பி மூன்று தட்டு வரும். பத்து எண்ணுவார். பதில் இல்லையென்றால் முடுக்கிவிட்டு, காதில் செருகியிருக்கும் தடித்த பென்சிலை எடுத்துப் பலகையில் தேதி போட்டு எழுதுவார்: உள்ளே யாருமில்லை. மீட்புப் படகில் வருகிறவர்கள் அதைப் படித்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போவார்கள். அவர் எழுத்தை யாரும் சந்தேகப்பட்டதில்லை.

அந்தத் தெருமுனை வீடுதான் வெள்ளத்தன்று அவருடைய முப்பத்தோராவது வீடு. டெய்லரம்மா வீடு. முட்டிவலிக்காரி, தனியாக இருந்தாள். காலையிலேயே தச்சரிடம் சொல்லியிருந்தாள்: "மத்தியானம் நான் மக வீட்டுக்குப் போயிடுவேன். நீ பாட்டுக்குப் பலகையைப் போட்டுட்டுப் போ." பிற்பகல் மூன்று மணிக்கு அவர் பலகையை இறக்கியபோது தண்ணீர் கணுக்காலைத் தாண்டியிருந்தது. மேட்டுத் தெருவுக்குப் போகும் கடைசி லாரி ஹாரனை அடித்துக்கொண்டே இருந்தது. லாரியில், தெருக்காரர்களுக்கு மூட்டை கட்ட உதவ வந்திருந்த அவர் மனைவி. மைத்துனன் லாரியைப் பிடித்து நிறுத்த முன்னால் ஓடியிருந்தான்.

தச்சர் மூன்று தட்டு தட்டினார். எண்ண ஆரம்பித்தார். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு.

டொக். டொக். டொக்.

எதிர் வீட்டுக் கேட்டு காற்றில் அடிக்கிறது என்று அவர் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். வாய்விட்டே சொன்னார். லாரி இன்னொரு தரம் ஹாரன் அடித்தது. அவர் நான்கு திருகாணியையும் முடுக்கினார், தேதி போட்டார், எழுதினார், ஓடினார். வாழ்க்கையில் முதல் முறையாக இன்னொரு தரம் பார்க்கவில்லை.

அந்த ஒன்பது நாளும் மேட்டுத் தெருவில் தன் வீட்டுக் கட்டிலில் படுத்துக்கொண்டு, அவர் அந்தக் கேட்டைத்தான் நினைத்துக்கொண்டிருந்தார்.

இப்போது முப்பது வீட்டுப் பலகைகளையும் கழற்றிவிட்டு, பிற்பகலில் தெருமுனைக்கு வந்து சேர்ந்தார்கள். டெய்லரம்மா வீட்டு வாசலில் ஒரு பெண் நின்றிருந்தாள். சேறு பட்ட சேலையைத் தூக்கிச் செருகியிருந்தாள். கண் வீங்கியிருந்தது. டெய்லரம்மாவின் மகள்.

"அண்ணா, அம்மா எங்க வீட்டுக்கு வரவேயில்ல. மத்தியானம் கிளம்புறேன், ரெண்டு யூனிஃபார்ம் மட்டும் முடிச்சுக் குடுத்துடுறேன்னு போன்ல சொன்னாங்க. அதோட லைன் கட்டாயிடுச்சு. எல்லா முகாமும் தேடிட்டேன். ஆஸ்பத்திரியும் பாத்துட்டேன்." அவள் மூச்சு வாங்கினாள். "படகுல போனவங்ககிட்டக் கேட்டேன். இந்த வீட்டுப் பலகையில யாருமில்லன்னு எழுதியிருந்துச்சு, அதான் நிக்காமப் போயிட்டோம்னு சொன்னாங்க. நீங்க தட்டுனீங்கதான?"

"தட்டுனேம்மா."

"பதில் வந்துச்சா?"

மைத்துனன் துண்டை அவிழ்த்துவிட்டு அவர் முகத்தைப் பார்த்தான்.

"வரலம்மா."

சொன்ன மாத்திரத்தில் தச்சர் திரும்பி, பலகையைப் பார்த்தார். ஒன்பது நாள் தண்ணீரில் கிடந்த பலகை. மற்ற வீடுகளில் பென்சில் எழுத்தெல்லாம் கரைந்து சாம்பல் நிறத் தீற்றலாகியிருந்தது. இங்கே மட்டும் இப்போது எழுதியது போல இருந்தது.

கை தன் பழக்கத்தில் கொட்டாப்புளியை எடுத்தது. மூன்று தட்டு தட்டியது.

டொக். டொக். டொக்.

உள்ளேயிருந்து.

"அம்மா!" மகள் பலகையின் மேல் விழுந்தாள். "அம்மா, நான் வந்துட்டேம்மா! அண்ணா, கழட்டுங்கண்ணா! சீக்கிரம்!"

திருகாணிகள் துருவேறி மரத்தோடு இறுகியிருந்தன. தச்சரின் திருப்புளி வழுக்கி வழுக்கி விழுந்தது. மைத்துனன் அதைப் பிடுங்கிக் கழற்றினான். மகள் வெளியிலிருந்து தட்டிக்கொண்டே இருந்தாள். உள்ளேயிருந்து ஒவ்வொரு தரமும் மூன்று தட்டு வந்துகொண்டே இருந்தது. அவசரமில்லாமல், ஒரே அளவாக. தச்சர் உலகத்தில் உள்ள தெய்வத்தையெல்லாம் கும்பிட்டார். இருக்கட்டும், உயிரோடு இருக்கட்டும், என்னைத் திட்டட்டும், செருப்பால் அடிக்கட்டும்.

நான்காவது திருகாணி வந்தது. பலகையைத் தூக்கி எடுத்தார்கள்.

பின்னாலிருந்த கதவு ஏற்கெனவே திறந்திருந்தது.

உள்ளே இருட்டும் ஈரமும். இரண்டே அறை. பின் வாசல் கிடையாது. ஜன்னல்களில் கம்பி. தையல் மெஷின் குப்புறக் கிடந்தது. நூல்கண்டுகள் சேற்றில் சிக்குப்பட்டுச் சுவரெல்லாம் ஒட்டியிருந்தன. தண்ணீர் ஏறிய கோடு உத்தரத்துக்கு ஒரு சாண் கீழே ஓடியது. மகள் சேற்றைக் கையால் வாரி வாரிப் போட்டாள். மைத்துனன் பரண் மேல் ஏறிப் பார்த்தான், கட்டிலைப் புரட்டிப் பார்த்தான், கடப்பாரையால் மூலை மூலையாகக் குத்திப் பார்த்தான்.

யாருமில்லை.

ஆளும் இல்லை. உடலும் இல்லை.

வாசலுக்குப் பக்கத்தில் சேற்றிலிருந்து டெய்லரம்மாவின் பெரிய கத்தரிக்கோல் மட்டும் கிடைத்தது. கைப்பிடி வளையம் ஒரு பக்கம் நசுங்கியிருந்தது. மகள் அதைச் சேலையில் துடைத்தாள். பிறகு, சுவரில் சாத்தியிருந்த பலகையின் உட்புறத்தைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றாள்.

இடுப்பு உயரத்தில் மூன்று பள்ளம், பக்கத்தில் பக்கத்தில். அதற்கு நான்கு விரல் மேலே மூன்று. அதற்கு மேலே மூன்று. மார்பு உயரம், கழுத்து உயரம், தலை உயரம் என்று பள்ளங்கள் ஏறிக்கொண்டே போயின. தண்ணீர் ஏற ஏற, தட்டிய கையும் ஏறியிருக்கிறது. கடைசி மூன்று பலகையின் மேல் விளிம்பில் இருந்தன.

அவள் ஒவ்வொன்றையும் விரலால் தொட்டாள்.

"தூங்கிருப்பாங்க," என்றாள் கடைசியில். "நீங்க தட்டுனப்பத் தூங்கிருப்பாங்க. நீங்க போன பிறகு முழிச்சிருப்பாங்க. இல்லண்ணா?"

தப்பித்துக்கொள்ள ஒரு கதவை அவளே திறந்துவிட்டாள். தச்சர் அதில் நுழைந்துகொண்டார்.

"இருக்கும்மா," என்றார்.

பலகைகளைத் தச்சர் வீட்டுக் கொட்டகையில் நிறுத்தி உலர வைத்தார்கள். மறுநாள் அவர் முதல் வேலையாக டெய்லரம்மா வீட்டுப் பலகையைக் கிடத்தி, இழைப்புளியால் அந்த எழுத்தை இழைத்தார். சுருள் சுருளாகச் சீவல் விழுந்தது. ஒவ்வொரு சீவலிலும் எழுத்து வந்தது. பலகையிலும் இருந்தது. பென்சில் மரத்துக்குள் அரை விரல் ஆழத்துக்கு இறங்காது என்று அவருக்குத் தெரியாதா? இன்னொரு தரம் இழைத்தார். பிறகு பலகையைத் திருப்பி, எழுத்து சுவர்ப் பக்கம் இருக்கும்படி நிறுத்தினார். அப்படி நிறுத்தினால் பள்ளங்கள் அவரைப் பார்த்தன.

அதற்குப் பிறகு அவரால் மரத்தில் மூன்று முறை அடிக்க முடியவில்லை. ஆணியை மூன்று அடி அடித்தால் எங்கிருந்தோ மூன்று அடி திரும்பி வரும். மேசையின் அடியிலிருந்து வரும், நிலையிலிருந்து வரும், ஒரு நாள் சாப்பிட உட்கார்ந்த பலகையின் கீழேயிருந்து வந்தது. ஆகவே இரண்டு அடியோடு நிறுத்துவார், இல்லையென்றால் அவசரமாக நான்காவதை அடித்துவிடுவார். மைத்துனன் கிண்டல் செய்தான்.

"என்ன மாமா, ஆணி அடிக்கிறீங்களா, தாளம் போடுறீங்களா?"

"உனக்குக் கேக்கலயா?"

"என்னது?"

"ஒண்ணுமில்ல."

டெய்லரம்மா வீட்டில் அன்று அவர்கள் மூன்று பேருமே கேட்டார்கள். இப்போது அவருக்கு மட்டும்தான் கேட்டது. அது இன்னும் மோசமாக இருந்தது. தூக்கம் போயிற்று. மனைவி சோற்றைப் பிசைந்து வைத்துக்கொண்டு அவர் முகத்தையே பார்ப்பாள். "மனசுல என்னத்தையோ போட்டு மென்னுகிட்டு இருக்கீங்க. துப்பிடுங்க," என்பாள். அவர் எழுந்து கை கழுவப் போய்விடுவார்.

ஏழு வாரம் கழித்து மறுபடியும் சைரன் ஊதியது.

காலை பத்து மணி. ஆற்றின் மேல்கரையில் வானம் அடுப்புக்கரி நிறத்தில் இறங்கி நின்றது. தெருக்காரர்கள் மூட்டை முடிச்சோடு லாரியில் ஏறிக்கொண்டிருந்தார்கள். தச்சரும் மைத்துனனும் தள்ளுவண்டியில் பலகைகளை ஏற்றிக்கொண்டு வந்தார்கள். கோடி வீட்டில் முதல் பலகையை இறக்கினார். வீட்டுக்காரர் கண்ணெதிரே லாரியில் உட்கார்ந்திருந்தார், அவர் மனைவி மடியில் குழந்தையோடு பக்கத்தில் இருந்தாள். தச்சர் மூன்று தட்டு தட்டினார்.

டொக். டொக். டொக்.

அவர் பலகையை வெளியே இழுத்தார். கதவைத் திறந்து உள்ளே ஓடினார். கட்டிலுக்கு அடியில், பீரோவுக்குப் பின்னால், பாத்ரூமில் எல்லாம் பார்த்தார். யாருமில்லை. திரும்ப வந்து பலகையை இறக்கித் தட்டினார்.

டொக். டொக். டொக்.

"மாமா, எல்லாரும் லாரில இருக்காங்க. எதுக்கு மறுபடி கழட்டுறீங்க?"

"உள்ள யாரோ இருக்காங்க."

"யாரும் இல்ல மாமா!"

இரண்டாவது வீடும் பதில் சொன்னது. மூன்றாவதும் சொன்னது. ஒவ்வொரு வீடும் அதே அளவாக, அவசரமில்லாமல் சொன்னது. எந்தத் தட்டு ஆளுடையது, எந்தத் தட்டு டெய்லரம்மாவுடையது என்று அவருக்குத் தெரியவில்லை. தெரியாமல் எப்படி முடுக்குவது? ஒவ்வொரு வீட்டையும் இரண்டு தரம், மூன்று தரம் தேடினார். மழை பிடித்துக்கொண்டது. மத்தியானத்துக்குள் முடிய வேண்டிய வேலையில் பதினொரு பலகைதான் ஏறியிருந்தது. லாரியிலிருந்து ஆட்கள் கத்தினார்கள். முடிதிருத்துகிறவர்கூட, "யோவ் இன்னொருதரம், உன் இன்னொரு தரத்தை இன்னொரு தரம் வச்சுக்கய்யா, வீடு மூழ்குது!" என்று கை நீட்டித் திட்டினார். கடைசியில் மைத்துனன் அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு தெருமுனைக்கு வந்தான். வண்டியில் மேலாகக் கிடந்தது டெய்லரம்மா வீட்டுப் பலகை. அந்த நிலைக்கு அது ஒன்றுதான் பொருந்தும்.

மகள் அந்த வீட்டைக் கழுவி, மெஷினை ரிப்பேர் பார்த்து, ஒரு மாதமாக அங்கேதான் இருந்தாள். காலையில் வண்டி தெருவுக்குள் வந்தபோது, "நான் லாரிக்குப் போயிடுவேண்ணா, நீங்க பலகையைப் போட்டுடுங்க," என்று சொல்லியிருந்தாள்.

தச்சர் பலகையை இறக்கினார். மூன்று தட்டு தட்டினார்.

ஒன்று. இரண்டு. மூன்று. நான்கு.

மழை மட்டும் பெய்தது.

எட்டு. ஒன்பது. பத்து.

அன்றைக்கு முழுவதும் பதில் சொல்லாத ஒரே வீடு அதுதான்.

"இங்க எதுவும் கேக்கலயா உங்களுக்கு?" என்றான் மைத்துனன், பாதிக் கிண்டலும் பாதி பயமுமாக. "அப்பாடா. முடுக்குங்க. நான் போய் லாரியைப் பிடிச்சு நிறுத்துறேன்." அவன் தண்ணீரை உதைத்துக்கொண்டு ஓடினான். தண்ணீர் கணுக்காலைத் தொட்டிருந்தது. லாரி ஹாரன் அடித்தது.

தச்சர் முதல் திருகாணியை வைத்தார். கை ஓடவில்லை. வைத்ததைக் கீழே போட்டுவிட்டுப் பலகையை இழுத்துக் கடாசினார், கதவைத் தள்ளினார்.

தையல் மெஷினுக்கு முன்னால் ஸ்டூலில் அவள் உட்கார்ந்திருந்தாள். மடியில் கத்தரிக்கோல்.

"தட்டுனது கேட்டுச்சு," என்றாள். "சும்மா இருந்தேன். நீங்க முடுக்குறீங்களான்னு பாக்கலாம்னு."

"பைத்தியமா உனக்கு? செத்துப் போயிருப்ப!"

"ஆமா."

தண்ணீர் வாசற்படியைத் தாண்டி மெல்ல உள்ளே வந்து அவள் காலை நனைத்தது. அவள் காலை எடுக்கவில்லை.

"இன்னொரு தரம் கேக்குறேன். அன்னைக்குப் பதில் வந்துச்சா?"

"கேட்டுச்சும்மா. கேட்டு காத்துல அடிக்குதுன்னு நெனச்சேன். எதிர் வீட்டுக் கேட்டு."

"எதிர் வீட்டுக்காரரை நேத்துப் பாத்தேன். அன்னைக்குக் காலையிலேயே கேட்டைக் கழட்டிட்டாங்களாம். வெள்ளத்துல அடிச்சுட்டுப் போகாம இருக்க, மொட்டை மாடியில கட்டி வச்சிருந்தாங்களாம்." அவள் அவரையே பார்த்தாள். "கழட்டிக் குடுத்ததே நீங்கதான்னு சொன்னார்."

தச்சர் நிலையைப் பிடித்துக்கொண்டார். ஏழு வாரமாகத் தூக்கித் திரிந்ததை அவர் அப்படியே கீழே வைத்தார்.

"தெரியும்மா. கேட்டு இல்லன்னு தெரியும். மூணு தட்டு, சுத்தமா மூணு. உங்கம்மாதான்னு தெரியும். திரும்பக் கழட்டணும், முட்டி முடியாதவங்களைத் தூக்கிட்டு வரணும், லாரி போயிடும். லாரில என் பொண்டாட்டி இருந்தா. படகு வரும், படகுல ஏத்திக்குவாங்கன்னு நெனச்சுட்டேன். அப்புறம் என் கையே எழுதிடுச்சு, யாருமில்லன்னு. எழுதினா யாரு நிப்பாங்க? எழுதினது நான்தாம்மா." அவர் குழந்தை மாதிரி அழுதார்.

அவள் அழவில்லை. எழுந்து, கத்தரிக்கோலை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"என்கிட்டச் சொல்லிட்டீங்க," என்றாள். "அவங்ககிட்ட நீங்க இன்னும் பதில் சொல்லல."

வாசலைத் தாண்டும்போது, "இந்த வீட்டுக்கு இனிமே பலகை வேண்டாம். அதைத் தண்ணியில விட்டுடுங்க. கதவு தெறந்தே இருக்கட்டும்," என்றாள். அவர் பலகையைத் தள்ளிவிட்டார். எழுத்து மேலே தெரிய அது மிதந்து, தெருமுனையில் ஒரு தரம் சுற்றி, மேட்டுத் தெருப் பக்கமாகப் போயிற்று. தண்ணீர் ஓடியது எதிர்ப்பக்கம். அவர் அதைக் கவனித்தார், ஆனால் லாரியைப் பிடிக்கிற அவசரத்தில் நின்று பார்க்கவில்லை.

இந்த முறை வெள்ளம் அவ்வளவாக ஏறவில்லை. இரண்டு நாளில் வடிந்தது. பலகை ஏறாத வீடுகளில் சேறு புகுந்ததற்குத் தெருக்காரர்கள் அவரைப் பிடி பிடி என்று பிடித்தார்கள். அவருக்கு அது உறைக்கவே இல்லை. மனசு லேசாகியிருந்தது. படுத்ததும் தூங்கினார். மரத்தில் மூன்று தரம் அடித்தார், எதுவும் திரும்பி வரவில்லை. மனைவிகூட, "இப்பத்தான் மனுஷ முகம் வந்திருக்கு," என்றாள்.

நான்காம் நாள் பிற்பகல் மூன்று மணி. மனைவி கடைக்குப் போயிருந்தாள். மேட்டுத் தெரு வீட்டில் தச்சர் தனியாக, கதவைச் சாத்திக்கொண்டு, தரையில் உட்கார்ந்து உளி தீட்டிக்கொண்டிருந்தார். வெளியே பளிச்சென்று வெயில்.

கதவில் மூன்று தட்டு விழுந்தது.

அவர் உளியைக் கீழே வைத்தார். மனைவியென்றால் பெயர் சொல்லாமல் "என்னங்க" என்பாள். மைத்துனன் என்றால் உதைத்துத் திறப்பான்.

வெளியே யாரோ காத்திருந்தார்கள். எண்ணுகிற மாதிரி.

இத்தனை வருஷம் அடுத்தவருக்குச் சொல்லிக்கொடுத்த முறை அது. உள்ளே ஆள் இருந்தால் பதில் சொல்ல வேண்டும். பக்கத்தில் கிடந்த கொட்டாப்புளியை எடுத்து, கதவில் மூன்று முறை தட்டினார்.

"இருக்கேம்மா," என்றார். "உள்ள நான் இருக்கேன்."

வெளியே அமைதி.

பிறகு அந்தச் சத்தம் வந்தது. விரல் நீளத் திருகாணி மரத்துக்குள் இறங்குகிற சத்தம். அரைச் சுற்று, நிறுத்தம், அரைச் சுற்று. கீழே இடப்பக்கம்.

அந்த வீட்டு வாசலில் காடி கிடையாது, பலகையும் கிடையாது. அவர் தாழ்ப்பாளை எடுத்துக் கதவை இழுத்தார். அசையவில்லை. கீழே வலப்பக்கம் இறங்கியது. அவர் தட்டினார். மேலே இடப்பக்கம். அவர் இன்னொரு தரம் தட்டினார், இன்னொரு தரம், இடுப்பு உயரத்தில், மார்பு உயரத்தில், கை ஏற ஏறத் தட்டினார். மேலே வலப்பக்கம்.

கடைசியாக, கதவின் வெளிப்பக்கம் ஏதோ கரகரவென்று ஓடியது. அதை அவர் எங்கே கேட்டாலும் கண்டுபிடித்துவிடுவார்.

தடித்த பென்சில்.

மனைவி அரை மணி நேரம் கழித்து வந்தாள். வாசலில் அவள் செருப்புச் சத்தம் நின்றதை அவர் கேட்டார். எதையோ படிக்கிற மாதிரி கொஞ்ச நேரம் நின்றாள்.

"சரிதான்," என்று சிரித்தாள். "சொல்லிட்டுப் போக முடியாம, கதவுல எழுதி வச்சுட்டுப் போயிருக்காரு."

கதவு தொட்டதும் திறந்தது. அவள் கூடையோடு உள்ளே வந்தாள். திறந்த கதவின் வெளிப்பக்கத்தை அவர் பார்த்தார். இன்றைய தேதி. அதன் கீழே இரண்டே சொல். கையெழுத்து அவருடையது.

"ஏய், நான் இங்கதான் இருக்கேன்," என்றார்.

அவள் அவரைத் தாண்டிப் போய்க் கூடையை வைத்தாள். தண்ணீர் குடித்தாள். அவர் அவள் முன்னால் போய் நின்று கத்தினார். அவள் முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டாள். அவர் ஓடிப் போய்க் கொட்டாப்புளியை எடுத்து, நிலையில் தன் பலம் கொண்ட மட்டும் மூன்று தட்டு தட்டினார்.

அவள் தலையைத் தூக்கினாள். நேராக அவர் முகத்தைப் பார்த்தாள். காது கொடுத்துக் கேட்டாள்.

"எதிர் வீட்டுக் கேட்டு போல," என்று சொல்லிக்கொண்டே அடுப்பைப் பற்ற வைத்தாள்.